மணியின் பற்களும் பதினெட்டுப் படிகளும்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் பேசியபோது குரலே சரியாக இல்லை. நாய்க்குட்டி மணி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் பாட்டியின் புடவைத் தலைப்பில் இரண்டு கிழிசல், தங்கச்சியின் கணுக்காலில் ஒரு கீறல், கட்டிலுக்கு அடியில் தினமும் நாலைந்து இடத்தில் ஈரம். "ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கவில்லை என்றால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் உங்க அண்ணன்" என்றார். பின்னால் நீ தேம்புவது கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவை. வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் தங்கச்சியின் கீறல். மற்றதெல்லாம் பிறகு.

மணி தெருவில் பிறந்த குட்டி. அதன் தாய்க்கு யாராவது ஊசி போட்டார்களா என்று நமக்குத் தெரியாது. "பால்பல் குட்டிதானே, அதுக்கு ஏது வெறிநோய்" என்று தெருவில் சொல்வார்கள். அது தவறு. வெறிநோயுள்ள தாயிடமிருந்தோ வேறு நாயிடமிருந்தோ கடி பட்டிருந்தால் குட்டிக்கும் வெறிநோய் வரலாம். வந்துவிட்டால் மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆகவே பல் பட்டுத் தோல் கீறினால், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு மல்லேஸ்வரத்து கே.சி. ஜெனரல் பக்கம். தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. இந்த ஊசியின் பின்னால் ஒரு சின்னப் பையன் இருக்கிறான். 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு பாரிஸில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் செய்தார். அவன் பிழைத்தான். உன்னைவிட மூன்று வயது இளையவன். தங்கச்சியை இன்றே கூட்டிப் போகச் சொல். குட்டியின் மேல் கோபப்பட அது காரணமாகாது.

இனி அது ஏன் கடிக்கிறது என்று பார்ப்போம். குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருளைப் பிடித்துப் பார்க்க வாய்தான் உண்டு. அந்த வாயில் 28 பால்பற்கள், ஊசி மாதிரி. நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும். எதையாவது மெல்லாமல் இருக்க முடியாது.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிக்குக் கற்றுத்தருவது அதன் உடன்பிறப்புகள்தான். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது 'கீய்' என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திப் போய்விடும். கடித்தால் கூட்டாளி போய்விடுவான் என்ற கணக்கு அங்கேதான் மனதில் ஏறுகிறது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விற்பனை விதிகளில் எழுதியிருக்கிறார்கள். மணிக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. தாய் வண்டியில் அடிபட்டுப் போனது. கூடப் பிறந்தவற்றை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். அது விட்ட பாடத்தை இப்போது நீதான் நடத்த வேண்டும்.

எப்படி என்றால், பல் கையில் அழுந்திய நொடியே கையை அசைக்காமல் வை. சட்டென்று இழுத்தால் அது ஓடுகிற எலி மாதிரி. இன்னும் பாய்ந்து பிடிக்கும். "வேண்டாம்" என்று ஒருமுறை, கத்தாமல் சொல். எழுந்து முதுகைக் காட்டி நில், அல்லது அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்து. இருபது முப்பது நொடி போதும். திரும்பி வந்து மறுபடி விளையாடு. மறுபடி கடித்தால் மறுபடி எழுந்து போ. முதல் நாள் இருபது தடவை எழுவாய். அலுக்கும். ஆனால் ஒரு தடவை சிரித்துக்கொண்டே கடிக்க விட்டால் முந்தின பத்தொன்பதும் வீண். அமெரிக்காவில் நாய்க்குட்டிகளுக்கு வகுப்பு நடத்திய இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் இதில் ஒரு வரிசை சொல்வார்: முதலில் கடியின் அழுத்தம் குறைய வேண்டும், பிறகுதான் கடியே குறைய வேண்டும். எனக்கு அது சரியென்றே படுகிறது. என்றைக்காவது வலி தாங்காமல் வாய் வைத்தாலும், மென்மையாக வாய் வைக்கக் கற்ற நாய் பெரும்பாலும் ரத்தம் வரும்படிக் கடிக்காது.

அதன் வாய்க்கு வேறு வேலையும் கொடு. பழைய பருத்தித் துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்துக் கொடு. பெரிய கேரட்டை நீ பிடித்துக்கொண்டு கடிக்க விடலாம். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தங்கச்சியின் கொலுசைக் கொஞ்ச நாள் கழற்றிவை. ஜல் ஜல் என்று ஓடுகிற காலைக் கவ்வாமல் எந்தக் குட்டியால் இருக்க முடியும்?

ராத்திரி எட்டு மணிக்கு அது பேய் பிடித்ததுபோல் ஓடி எல்லோரையும் கடிக்கிறது என்று அம்மா சொன்னார். கண்ணு, அது தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். நீ பள்ளி விட்டு வந்ததிலிருந்து தெருப்பிள்ளைகள் மாறி மாறித் தூக்குகிறார்கள். ரயில் வேறு தடதடவென்று போகிறது. தூக்கம் கெட்ட குழந்தை சிணுங்கும், குட்டி கடிக்கும். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய போர்வையைப் போட்டு மூலையில் வை. அது உள்ளே போய்விட்டால் யாரும் தொடக் கூடாது. நீயும்தான்.

அடுத்தது மூத்திரம். இதில்தான் நம் குடும்பத்தில் ஒரு பழைய தப்பு இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பாவுக்கு எட்டு வயது, எனக்கு ஆறு. இதே பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை வீடு. கறுப்பன் என்று ஒரு குட்டி வளர்த்தோம். அது வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் உன் தாத்தா அதன் மூக்கை ஈரத்தில் அழுத்தித் தேய்த்து, முதுகில் ஓர் அடி போடுவார். "அடியாத மாடு படியாது" என்பார். அன்பான மனிதர்; எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார். கறுப்பன் என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? உள்ளே போகக் கூடாது என்பதை அல்ல. ஆட்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்பதை. வெளியே கூட்டிப் போனால் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு அடக்கி நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து போகும். ஒரு வருஷம் ஆகியும் சரியாகவில்லை. கை ஓங்கினாலே தரையோடு தரையாகப் படுத்துவிடும். உன் அப்பாவைக் கேள், அவனுக்கு நினைவிருக்கும்.

மனிதர் மனதில் காலையில் செய்த தப்பும் மாலையில் விழும் அடியும் இணையும். நாய்க்கு அந்த நொடிதான் கணக்கு. பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பாய். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யர் அவர். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ஓர் ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாய்க்கு, ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறியது. ஒலிக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி அதிகமானால் அந்தப் பிணைப்பு பலவீனமாகிவிடும். பத்து நிமிடத்துக்கு முன் போன மூத்திரத்துக்கு இப்போது விழும் அடி மணிக்குப் புரியவே புரியாது. உன்னைப் பார்த்தால் பயம் என்பது மட்டும் புரியும்.

இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மணி நேரம் அடக்கினாலே பெரிது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாட்டுக்கு நடுவே கண்டிப்பாகப் போகும். தரையை மோந்துகொண்டு ஒரே இடத்தில் சுற்றினால் அவ்வளவுதான், தூக்கிவிடு. உங்கள் வீடு மாடியில். பதினெட்டுப் படியை அது இறங்குவதற்குள் பாதியிலேயே போய்விடும். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் இப்போதே தெருவில் இறக்கிவிடாதே. பார்வோ என்ற வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரத்தப்பேதியில் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். தடுப்பூசி வரிசை முடியும்வரை மொட்டைமாடியில் ஒரு மூலைதான் அதன் இடம். விளிம்பு தாழ்ந்த அகலமான பழைய பிளாஸ்டிக் தட்டில் பூந்தொட்டி மண்ணைப் பரப்பு, தெருமண் வேண்டாம். அதன் மூத்திரம் துடைத்த காகிதம் ஒன்றை மண்ணின் மேல் வை. வாசனையே வழிகாட்டும். அங்கே இறக்கிவிட்டு "ஒண்ணுக்குப் போ" என்று சொல்லிச் சும்மா நில். விளையாடாதே, போனைப் பார்க்காதே. அது போய் முடித்த அந்த நொடி, அங்கேயே, வேகவைத்த கோழியில் நிலக்கடலை அளவு ஒரு துணுக்கு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்த கூலி ஆகிவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம், ஞாபகம் இருக்கட்டும். பாட்டி பாசத்தில் பாக்கெட் பாலை ஊற்றி ஊற்றிக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது ஜீரணமாகாமல் பேதியாகும். பேதியாகிற குட்டியை எந்த நேரத்துக்கும் பழக்க முடியாது.

நீ எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய் நாலு மணிக்கு வருகிறாய். நடுவில் யார் தூக்கிப் போவது? உங்கள் வீட்டுச் சிக்கலின் முடிச்சு இங்கேதான் என்று நினைக்கிறேன். பழக வேண்டியது மணி மட்டும் அல்ல. காலையில் எழுந்ததும் நீ. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் அம்மா. இரண்டு மணிக்குப் பாட்டியால் படி ஏற முடியாது. அப்போது தட்டை வீட்டுக்குள் பால்கனிக் கதவோரம் வைத்துவிடுங்கள். மாலையில் நீ. படுக்கும் முன் அப்பா. நடுராத்திரி ஒருமுறை யாராவது எழுந்துதான் ஆக வேண்டும். பெயர் போட்டுக் காலண்டர் பக்கத்தில் எழுதிவை. மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். நீ "வா" என்கிறாய், எதிர்வீட்டார் கன்னடத்தில் "பா" என்கிறார், கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மா "ரா" என்கிறார், மளிகைக்கடை பாய் "ஆவ்" என்கிறார். நம் தெருவின் அழகே அதுதான். குட்டி நாலையும் பிறகு கற்கும். இப்போதைக்கு வீட்டில் ஒரே சொல்.

உள்ளே போய்விட்டால் அதைத் திட்டாமல் துடை. முதலில் பழைய துணியால் ஒற்றி எடு, பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் வினிகர் கலந்த தண்ணீர். பினாயில் வேண்டாம். நமக்கு நாற்றம் போனதுபோல் தெரியும். அதன் மூக்குக்குப் பழைய இடம் தெரிந்துகொண்டே இருக்கும். பினாயில் பட்ட காலை அது நக்கினால் உடம்புக்கும் கெடுதல். காவேரித் தண்ணீர் விடும் நாளில் ஒரு வாளியை இதற்கென்று பிடித்துவை. 2024 மார்ச்சில் நம் ஊர் பட்ட தண்ணீர்ப் பாட்டை மறந்திருக்க மாட்டாய்.

ஊசி வரிசை முடிந்து தெருவுக்கு இறங்கும் நாள் வரும். அன்றிலிருந்து உன் பையில் பழைய செய்தித்தாள் இருக்க வேண்டும். மணி போனதை நீயே எடுத்து வந்து கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்று. குட்டிகளின் மலத்தில் உருண்டைப்புழு முட்டை இருக்கும். மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது தொற்றும். இன்னொன்றும் இருக்கிறது. விடிவதற்குள் நம் தெருவைக் கூட்ட வரும் பௌரகார்மிகர்கள் பெரும்பாலும் பெண்கள். நாம் ஆசையாக வளர்க்கிற நாயின் மலத்தை அவர்கள் கையால் அள்ள வைப்பது அநியாயம். அடுத்த வீட்டு வாசல் கோலத்தில் உன் நாய் காலைத் தூக்கினாலும் அப்படித்தான்.

அப்பாவிடம் இதைச் சொல். 2023 இல் மாநகராட்சி எடுத்த கணக்குப்படி பெங்களூரில் ஏறத்தாழ 2 லட்சத்து 79 ஆயிரம் தெருநாய்கள். மனிதரோடு தூங்கிப் பழகிய குட்டியை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் அது பிழைக்காது. ஞாயிற்றுக்கிழமை என்ற கெடுவை அவன் எடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கேட்கிறேன். கறுப்பனுக்காகவாவது அவன் அதைத் தர வேண்டும்.

மணியை இந்த வாரமே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் அங்கே கிடைக்கும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, அதன்பின் வருஷா வருஷம். அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வை. ஊசி போடும்போது வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே மடியில் பிடித்துக்கொள்.

அன்புடன்,
உன் அத்தை