காயப்பட்ட பருந்து முற்றத்தில் விழுந்தால்

கற்பிட்டி, உடப்பு, முந்தல் கரைகளில் கரைவலை இழுக்கும் நேரம் பருந்துகள் கூடும். தங்கூசியில் சிக்கியோ மின்கம்பியில் அடிபட்டோ ஒன்று விழுந்தால், அதன் இனத்தை அறிந்தால்தான் சரியான தீனியும் திரும்ப விடும் இடமும் அமையும்.

1. நிறத்தை நம்பாதீர்கள். செம்பருந்து வளர்ந்தபின்தான் வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் பெறும். இளசு முழுக்கப் பழுப்பு. அதனால் அதைக் கரும்பருந்து என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். வாலைப் பாருங்கள். செம்பருந்தின் வால்நுனி உருண்டிருக்கும், கரும்பருந்துக்கு நடுவில் பிளவு இருக்கும். வாலை விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடும், மடங்கியிருக்கும்போதே பாருங்கள்.

2. இறக்கை விரிப்பு 2 மீற்றர் அளவு, வால் குட்டை என்றால் வெண்வயிற்றுக் கடற்கழுகு. இதன் இளசும் பழுப்புதான், பருமனே காட்டிக்கொடுக்கும்.

3. கண்ணை ஒட்டிக் கரும்பட்டை, பாதத்தின் அடியில் முள்முள்ளாகச் சொரசொரப்பு: விரால் அடிப்பான். குளிர்காலத்தில் வரும் விருந்தாளி. அடைத்து வைத்தால் பெரும்பாலும் தீனி எடுக்காது, அன்றைக்கே ஒப்படையுங்கள்.

4. புறா அளவுப் பறவையா? மஞ்சள் அல்லது சிவந்த கண் வைரிக்கு. கருங்கண்ணும் மேலலகின் ஓரத்தில் பல்போன்ற வெட்டும் ராசாளி இனத்துக்கு.

5. கண், கால், வால் மூன்றையும் தள்ளி நின்றே படம் எடுங்கள்.

6. ஆபத்து அலகைவிட நகத்தில்தான். துவாயைத் தலைமேல் போர்த்தி, இரு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள்.

7. வாயிலிருந்து தங்கூசி தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே தூண்டில் இருக்கலாம். ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.

8. தண்ணீர், பால், சோறு எதுவும் வாயில் ஊட்டாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கோழிக்கூடும் கம்பிக்கூண்டும் வேண்டாம். கம்பியில் அடித்து இறக்கைச் சிறகு முறிந்தால், அது உதிர்ந்து புதிது முளைக்கும்வரை பறவை சரியாகப் பறக்க முடியாது. காயம் ஆறியும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும். பாவம், அது நம்மால் வந்த தண்டனை. துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய சாரம், இருட்டு, அமைதி போதும்.

9. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் அழையுங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

10. கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் பெட்டிமேல் எழுதிவிடுங்கள். கடற்கழுகுச் சோடி ஒரே எல்லையில் ஆண்டுக்கணக்கில் வாழும். குணமான பறவையை அங்கேயே விடவேண்டும்.