இரண்டு மடங்கு கேட்டால் பாதி கிடைக்குமாம்!

கருத்தரங்கு நடத்த நல்கை கேட்டு விண்ணப்பிக்கப் போகும் இளம் உதவிப் பேராசிரியருக்குக் கல்லூரியில் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "ரெண்டு மடங்கா போடுங்க சார், எப்படியும் பாதியை வெட்டுவாங்க." துறைத்தலைவர் சொல்கிறார், அலுவலகக் கண்காணிப்பாளர் சொல்கிறார். வாழ்நாளில் ஒரு நல்கையும் வாங்காதவர்தான் எல்லோரையும்விட அடித்துச் சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

விண்ணப்பத்தைப் படிப்பவர் யார் என்று இவர்கள் நினைக்கிறார்கள்? சமூக அறிவியலுக்கு 1969-இல் தொடங்கிய ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருக்கிறது, அதன் தென்மண்டல மையம் ஹைதராபாதில். கணிதத்துக்கு அணுசக்தித் துறையின் கீழுள்ள தேசிய உயர்கணித வாரியம். மாநிலத்துக்குள் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம். இங்கெல்லாம் விண்ணப்பத்தின் தகுதியை எடைபோட அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆசிரியர்களே. தாங்களும் கருத்தரங்கு நடத்தியவர்கள். மதியச் சாப்பாடு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாதா?

நான் பொருளாதாரக்காரன். கல்லூரியிலிருந்து வெளியே போகும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் வேலை பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. முதல் பக்கத்தில் பேராளர்கள் 80 பேர் என்றிருக்கும். பட்ஜெட்டில் 200 பைகள், 200 கோப்புகள். இப்படி வருவதைப் பார்க்கிறவருக்குத் தொகையைக் குறைக்கத் தோன்றாது, விண்ணப்பத்தையே ஓரமாக வைக்கத் தோன்றும். தப்பித்தவறிப் பாதித் தொகை வந்துவிட்டால், "பார்த்தீங்களா, வெட்டிட்டாங்க!" என்று வெற்றிக் களிப்பு வேறு. ஊதிப் போட்டதால்தானே ஐயா வெட்டினார்கள்!

முழுத் தொகையும் கிடைத்துவிட்டால் அது இன்னும் பெரிய தொல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, செலவாகாத பணமும் அது வங்கியில் ஈட்டிய வட்டியும் அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் மார்ச் மாதத்தில் பில் தேடி அலையும் கூத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பில்களை வைத்துப் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். "சின்னத் தொகைதானே, யார் கணக்குக் கேட்பார்கள்?" என்பது இரண்டு மடங்கு அறிவுரையின் தம்பி. சின்னத் தொகைக்கும் படிவம் 12-ஏ-இல் அந்தச் சான்றிதழ் உண்டு. பழைய சான்றிதழ் நிலுவையில் இருந்தால் கல்லூரிக்கு அடுத்த நல்கை நின்றுபோகும். மாட்டிக்கொள்வது பக்கத்துத் துறை அப்பாவியாகவும் இருக்கலாம்.

உண்மையான விலைப்புள்ளி வாங்குங்கள். ஆகும் செலவை அப்படியே எழுதுங்கள். பதிவுக் கட்டணத்தில் எவ்வளவு வரும், நிர்வாகம் எவ்வளவு தரும், நல்கையாகக் கேட்பது எவ்வளவு என்று மூன்று வரியில் பிரித்துக் காட்டுங்கள். இந்த நல்கைகள் பலவும் பகுதி உதவிதான் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். அறிவிப்பை யார் படிக்கிறார்கள்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். டெல்லியில் ஆள் இருந்தால்தான் நடக்குமாம். கடைசி நாள் இரவில் கல்லூரி முதல்வர் கையெழுத்தில்லாமல் அனுப்பிவிட்டுச் சொல்கிற சமாதானம் இது. தொகுப்பு நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இருந்தால் மதிப்பெண்ணாம். அது புத்தகத்தின் அடையாள எண்; ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, தரத்துக்கு முத்திரை குத்துவதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் வந்தால் "பன்னாட்டு" என்று போடலாமாம். உண்மையிலேயே வெளிநாட்டவரை அழைக்கும் கல்லூரி, வெளியுறவு அமைச்சக அனுமதிக்கு எத்தனை மாதம் முன்பே எழுத வேண்டியிருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கட்டும்.

பட்ஜெட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஜிப் வைத்த பை, மேடைக்குப் பூ அலங்காரம், இவற்றைக் கூட்டிப் பாருங்கள். பிறகு, கட்டுரை வாசிக்கத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வரும் முனைவர் பட்ட மாணவிக்குப் பயணப்படி என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் பார்த்த பெரும்பாலான பட்ஜெட்டுகளில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது; போதாக்குறைக்கு அவளிடமே பதிவுக் கட்டணமும் வாங்கியிருப்பார்கள். பொன்னாடையை அடித்துவிட்டு அந்த இடத்தில் "ஆய்வு மாணவர் பயணப்படி, இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பர், போக வர" என்று எழுதுங்கள். அதைக் கேள்வி கேட்கிற நல்கைக் குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை.