சொல்லும் பொருளும்: கண்புரை

தூத்துக்குடியின் உப்பளங்களிலும் கடலிலும் உழைப்போரின் கண்கள் நாள்முழுதும் வெயிலையும் அதன் எதிரொளியையும் ஏற்கின்றன. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள், முதுமையில் வரும் கண்புரையை விரைவுபடுத்தக்கூடும்.

இச்சொல்லைச் சிலர் வல்லின றகரமிட்டுக் ‘கண்புறை’ என எழுதுகின்றனர். அது பிழை, இடையின ரகரமே சரி. ‘புரை’ என்பதற்குக் குற்றம், உட்டுளை முதலிய பொருள்கள் உண்டு. 292ஆம் குறளில் இச்சொல் குற்றம் என்னும் பொருளில் வருகிறது. அவ்வகையில், கண்புரை என்பதற்குக் கண்ணில் நேர்ந்த குறை எனப் பொருள் கொள்ளலாம்.

‘புறம்’ என்னும் சொல்லோடு இயைத்து, கண்ணின் வெளிப்புறத்தே படரும் உறை எனக் கருதுதல் தவறு. கண்பாவைக்குப் பின்னுள்ள விழிலென்சே ஒளிபுகாது மங்குகிறது. எனவே, பச்சிலைச் சாற்றால் அதனைக் கரைத்தல் இயலாது. மங்கிய லென்சை அறுவை மருத்துவத்தால் அகற்றிச் செயற்கை லென்சு பொருத்துவதே தீர்வு. இம்மாவட்டத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இம்மருத்துவத்தை எளியோர்க்கும் எட்டச் செய்தது.

‘புரை முற்றட்டும்’ எனக் காத்திருத்தல் இன்று வேண்டியதில்லை. மிக முற்றிய புரை கண்ணழுத்தத்தை உயர்த்தி, மீளாப் பார்வையிழப்பிற்கும் வழிவகுக்கக்கூடும்.