மீண்டும் கல்லூரி வாயிலில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரி என்பது பலருக்கு இயல்பாக அமைந்துவிடுகிறது. வறுமை, இளமைத் திருமணம், குடும்பப் பொறுப்பு, நோய் எனப் பல காரணங்களால் அவ்வழியிலிருந்து இடையில் விலகியவர்களும் உள்ளனர். ஆண்டுகள் பல கடந்து அவர்கள் கல்விக்குத் திரும்பும்போது உள்ளத்தில் எழும் நம்பிக்கைகளையும் அச்சங்களையும், அவற்றைக் கடந்து பிறருக்கும் வழியமைத்த ஒருவரின் வாழ்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோட்டூர்புரத்து நூலகம்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் அமைந்த பகுதி கோட்டூர்புரம். அங்கு 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், வாசகர் தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப்பகுதி உண்டு. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பிரெய்லி நூற்பகுதியும் உண்டு. இத்தகைய பொது நூலகத்தில் எவரும் வயதைக் கேட்பதில்லை. பதினேழு வயது மாணவரும், பணிக்குச் சென்றுகொண்டே பட்டத்தேர்வுக்கு ஆயத்தமாகும் நாற்பது வயதினரும் ஒரே மேசையில் அமரலாம். வீட்டில் படிக்கத் தனியிடம் இல்லாதவருக்கு இந்த அமைதியே பேருதவி.

அச்சமும் நம்பிக்கையும்

கல்லூரிக்குத் திரும்புவோரின் அச்சங்கள் பொருளற்றவை அல்ல. பயிற்சியின்றி விட்ட கணக்கும் மொழியும் மீண்டும் கைகூடுமா என்பது முதல் ஐயம். தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவரோடு அமர்ந்து வினா எழுப்புவதில் கூச்சம் தோன்றும். கட்டணத்திற்காகச் செலவிடும் பணம் குடும்பத்தின் வேறொரு தேவையிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சமையலறையிலோ பணியிடத்திலோ நாள் முழுவதும் உழைத்தபின் படிப்பதற்கு எஞ்சும் நேரமும் குறைவு.

எனினும், அவர்களிடம் இளம் மாணவரிடம் காண்டற்கரிய வலிமை ஒன்று உண்டு. தாம் எதற்காகப் படிக்கிறோம் என்பதை அவர்கள் அறிவர். வரவு செலவுக் கணக்கெழுதிப் பழகியவருக்கு வணிகவியலும், நோயுற்றோரைப் பேணியவருக்கு உடலியலும் வெறும் ஏட்டுச் செய்திகளாக இரா. வாழ்க்கை முன்னரே எழுப்பிய வினாக்களுக்கு விடை தேடியே அவர்கள் வகுப்பறைக்கு வருகின்றனர்.

துர்காபாய் காட்டிய வழி

கோட்டூர்புரத்திலிருந்து சிறு தொலைவில், ஆற்றின் வடபுறத்தில், துர்காபாய் தேஷ்முக் சாலை உள்ளது. அச்சாலையில் ஆந்திர மகிளா சபை இயங்குகிறது. அதனை நிறுவிய துர்காபாய், தாமே இடையில் கல்வியை விட்டு மீண்டும் தொடங்கியவர்.

1909 ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று இராஜமுந்திரியில் பிறந்த அவருக்கு, எட்டு வயதிலேயே திருமணம் நடந்தது. வளர்ந்தபின் அத்திருமண வாழ்வை ஏற்க அவர் மறுத்தார். ஆங்கிலவழிக் கல்வி திணிக்கப்படுவதை எதிர்த்து இளமையிலேயே பள்ளியிலிருந்து விலகினார். பின்னர்ச் சிறுமியருக்கு இந்தி கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்று, 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் மூன்று முறை சிறை சென்றார். கல்வியறிவு இல்லாமையால் தம் வழக்கை எடுத்துரைக்கவும் இயலாமல் துன்புற்ற பெண் கைதிகளை அவர் அங்குக் கண்டார். அவர்களுக்காக வாதாட வேண்டுமாயின் தாம் கற்க வேண்டும் என உணர்ந்தார்.

விடுதலையானபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். எதிர்த்து விலகிய அதே ஆங்கிலத்தை இப்போது அடிப்படையிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கொள்கைக்காக விட்டதைத் தேவைக்காகக் கற்பதில் அவர் இழிவு காணவில்லை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷன் தேர்வில் தனித்தேர்வராகத் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர முயன்றபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்பது தடையாக நின்றது. படிக்க விரும்பிய பிற பெண்களையும் திரட்டி, விடுதிக்கு வழிசெய்து அத்தடையை நீக்கினார். அரசியல் அறிவியலில் பட்டங்கள் பெற்றபின், 1942 இல் சென்னையில் சட்டப் படிப்பை முடித்து வழக்குரைஞரானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவின் அரசமைப்பை வகுத்த அவையில் உறுப்பினராக அமர்ந்தார்.

தாம் பெற்ற கல்வியைத் தம்மோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1937 இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆந்திர மகிளா சபை, முறையான பள்ளிக் கல்வியைத் தவறவிட்ட பெண்களை மெட்ரிக்குலேஷன் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது. 1953 இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாரியம் 1958 இல், வயதுவந்த பெண்கள் பல ஆண்டுப் பாடங்களைக் குறுகிய காலத்தில் கற்றுத் தேர்வெழுதுவதற்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது.

துர்காபாயின் வாழ்வு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. கல்விக்குத் திரும்புவோருக்கு ஊக்கம் மட்டும் போதாது. தேர்வெழுத வாய்ப்பு, தங்குமிடம், ஏற்ற நேரம், கைதூக்கிவிடும் ஆசிரியர் ஆகியனவும் வேண்டும். அவற்றை அமைத்துத் தருவது சமுதாயத்தின் கடமை.

தெரிந்து தெளிவோம்

1886 இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, பதினோரு வயதில் கணவரை இழந்தார். தந்தையின் துணையோடு கல்வியைத் தொடர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911 இல் பட்டம் பெற்றார். இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்க இல்லம் ஒன்றை நிறுவினார். அவ்வில்லம் மெரினா கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பல ஆண்டுகள் இயங்கியது.

இன்றைய வாயில்கள்

இன்று அத்தகைய வாய்ப்புகள் பெருகியுள்ளன. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 இலும், சைதாப்பேட்டையில் இயங்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 இலும் நிறுவப்பட்டன. பள்ளிக் கல்வியை இடையில் விட்டவர்கள் தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகவோ தேர்வெழுதலாம்.

ஆயினும், வாயிலின் எண்ணிக்கையை மட்டும் கண்டு விரைதல் கூடாது. பத்தாம் வகுப்பு, மேல்நிலைக் கல்வி, பட்டம் என்னும் வரிசையில் பயிலாமல் நேரடியாகப் பெறும் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிகளுக்கு ஏற்கப்படுவதில்லை. இதனை முன்னரே அறியாமல் பட்டம் பெற்றுப் பின்னர் ஏமாற்றமடைந்தோர் உண்டு. ஆதலின், சேரும் முன் படிப்பின் ஏற்பினையும் பயனையும் தெளிந்து சேர்தல் வேண்டும்.

பதினோராம் வகுப்பில் பயில்வோர் கல்லூரிக்குச் செல்லும் நாளில், அருகிருக்கையில் தம் தாயின் வயதையொத்த ஒருவரைக் காணக்கூடும். அவர் தயங்கிக் கேட்கும் வினாவைக் கேட்டு நகைக்காமல், குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்ளும் மாணவரும் அவருக்கு ஒரு வாயிலைத் திறந்தவரே ஆவார்.

மதிப்பீடு

குறுவினா: துர்காபாய் சட்டம் பயில விரும்பியதற்குச் சிறை அனுபவம் எவ்வாறு காரணமாயிற்று?

சிறுவினா: கல்விக்குத் திரும்புவோரின் அச்சங்களையும் வலிமையையும் ஒப்பிட்டு எழுதுக.

நெடுவினா: ‘ஊக்கம் மட்டும் போதாது’ என்னும் கருத்தைத் துர்காபாயின் வாழ்வைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.