டர்போ எஞ்சின் நீடித்து உழைக்குமா?

வியாசர்பாடி எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையின் ஓரத்தில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன லோடு வண்டிகள் புகுந்து புகுந்து போகும். காய்கறி மூட்டை, இரும்புக் கம்பி, தண்ணீர் கேன் என்று எதுவும் அதில் இருக்கலாம். இவற்றுள் பல வண்டிகளை ஓட்டுபவரே சொந்தக்காரர். கடன் வாங்கி வாங்கிய வண்டி. அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த மாதத் தவணை நின்றுவிடும். ஆகவே, 'எஞ்சின் எத்தனை நாள் உழைக்கும்?' என்ற கேள்வி அவருக்குச் சோற்றுக் கேள்வி.

2005-ல் வெளிவந்த டாட்டா ஏஸ், நம் மக்கள் 'குட்டியானை' என்று அழைக்கும் வண்டி. அதன் முதல் எஞ்சினில் டர்போ கிடையாது. இரண்டு சிலிண்டர்களும் 16 குதிரைத்திறனும் கொண்டது. எண்ணூரில் தொழிற்சாலை உள்ள அசோக் லேலண்ட், ஜப்பானின் நிஸ்ஸானுடன் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட 'தோஸ்த்' வண்டிக்கோ, மூன்று சிலிண்டர்களுள்ள ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் எஞ்சின். "டர்போவில் இழுவை உண்டு, ஆயுள் குறைவு" என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. இது உண்மையா? நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே பார்த்துவிடலாம்.

இரண்டு குணங்கள்

முதலில் இரண்டு குணங்களைப் பிரித்தறிவோம். வண்டி நடுவழியில் நிற்காமல் அன்றாட வேலையைச் செய்வது நம்பகத்தன்மை. ஆண்டுக்கணக்கில் தேய்மானத்தைத் தாங்கி நிற்பது நீடித்துழைக்கும் தன்மை. ஒரு ரப்பர் குழாயின் பட்டை கழன்று வண்டி நின்றால் முதலாவது கெட்டது; பத்து ரூபாய்ச் சாமானில் சரியாகிவிடும். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து புகை தள்ளினால் இரண்டாவது போயிற்று. பொறியியலார் எஞ்சினின் ஆயுளைச் சொல்ல 'பி-10 ஆயுள்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். நூறு எஞ்சின்களில் பத்து பழுதாகும் வரை ஓடும் தூரமே அது. எனவே ஆயுள் என்பது ஒரு தனி எஞ்சினுக்கு எழுதிவைத்த விதி அல்ல. ஒரு கூட்டத்தின் கணக்கு.

டர்போ என்ன செய்கிறது?

டீசல் எரிந்து வெளிவிடும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு புகைக்குழாய் வழியே வீணாகிறது. இந்த வீணாகும் வாயுவைக் கொண்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றினால் என்ன? அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கி, வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம், திறன் கூடும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரட் பூக்கி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இதைப் பொருத்தியபோது, திறன் 1,750-லிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது.

ஒரு நுணுக்கம் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை அறிவீர்கள். 35° செல்சியஸில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிவதால் அடர்த்தி இருமடங்காவதில்லை, சுமார் 1.6 மடங்குதான் ஆகும். அதே அழுத்தத்தில் 60 டிகிரிக்குக் குளிரவைத்தால் 1.85 மடங்கு கிடைக்கும். இதற்காகவே பல வண்டிகளில் 'இன்டர்கூலர்' வைக்கிறார்கள்.

ஐந்து லட்சம் மடங்கு

சிறு டர்போ ஒன்று நிமிடத்திற்கு 1,50,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 2,500 சுற்று. சக்கரத்தின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்றால், அதன் விளிம்பு நொடிக்கு 314 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கிவிட்டது! மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் ஐந்து லட்சம் மடங்கு வருகிறது. விளிம்பில் உள்ள ஒரு கிராம் உலோகத்தைப் பிடித்து நிறுத்த அரை டன் எடைக்குச் சமமான விசை வேண்டும்.

இவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது எது? பெரும்பாலான டர்போக்களில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. ஆகவே டர்போவின் உயிர் எஞ்சின் ஆயிலில் இருக்கிறது.

மூன்று எதிரிகள்

முதல் எதிரி வெப்பம். முழுச் சுமையோடு ஓடிவரும் டீசல் எஞ்சினில், டர்பைனுக்குள் நுழையும் வாயு 600 டிகிரியைத் தாண்டுவதுண்டு. மேம்பாலம் ஏறி இறங்கி வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் என்ன நடக்கும்? ஆயில் பம்பு நின்றுவிடும். டர்பைனின் சூடோ தண்டின் வழியே பேரிங்கை நோக்கிக் கடத்தப்படும். அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். நாளடைவில் அந்தக் கரி ஆயில் செல்லும் துளைகளை அடைக்கும். ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் சூட்டை ஆயிலே எடுத்துச் சென்றுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்: ஆயில் டர்போவை அடையச் சற்று நேரம் தேவை.

இரண்டாம் எதிரி தூசு. ஒன்றரை லிட்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடினால், டர்போ இல்லாமலே நிமிடத்திற்கு 2,250 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் காற்றில் கலந்திருப்பதை அங்கு வாழ்பவர் அறிவர். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால், அந்தத் துகள்கள் பறந்தோடும் அமுக்கியின் இதழ்களில் மோதி அவற்றை அரிக்கும். சிலிண்டரின் உட்சுவரையும் தேய்க்கும்.

மூன்றாம் எதிரி மிகைச்சுமை. ஒன்றேகால் டன்னுக்கு வடிவமைத்த வண்டியில் இரண்டு டன் ஏற்றினால், அதே ஏற்றத்தில் அதிக டீசல் எரிய வேண்டும். சிலிண்டரின் அழுத்தமும் வாயுவின் வெப்பமும் கூடும். உலோகம் சூட்டில் வலிமை இழக்கும். சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்தால், வளைத்து வளைத்து ஒடிக்கும் கம்பிபோல் விரிசல் விடும்.

தீர்ப்பு என்ன?

சென்னைத் துறைமுகத்திற்கு வரும் பெரிய கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் டர்போ கொண்டவையே. கண்டெய்னர் இழுக்கும் லாரிகளும் அப்படியே. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி பிஸ்டனையும் தண்டையும் வலுவாகச் செய்திருப்பதே காரணம். ஆகவே டர்போ என்பதாலேயே ஆயுள் குறைவதில்லை.

ஆனால் பட்டறைக்காரர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் நம் அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், டர்போ பொறுக்காது. ஆயில் மாற்றத் தாமதித்தால் முதலில் அடிபடுவது அதன் பேரிங். அடைப்பு கெட்டு ஆயில் காற்றுக் குழாயில் கசிந்தால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை அணைத்த பின்னும் தறிகெட்டு ஓடக்கூடும். குறித்த கெடுவில் சரியான ஆயில், சுத்தமான ஃபில்டர், அளவான சுமை, நிறுத்துமுன் ஓரிரு நிமிடம்: இவை நான்கும் இருந்தால், தவணை முடிந்த பிறகும் வண்டி சம்பாதித்துக் கொடுக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லோடு வண்டி ஓட்டுபவர் இருந்தால், ஆயில் வெந்து கரியாகும் கதையை அவரிடம் சொல்லுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்: உங்கள் வகுப்பறை மின்விசிறி நிமிடத்திற்கு 300 முறை சுற்றுகிறது; இறக்கையின் நுனி மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது. நுனியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு? (விடை: சுமார் 60 மடங்கு.) டர்போவின் ஐந்து லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.