வெள்ளியங்கிரியில் காற்றுக்குப் பஞ்சமில்லை

மாசி பிறந்துவிட்டால் அந்தமானின் புரோத்ராபூர் டீக்கடைகளில் வெள்ளியங்கிரிப் பேச்சு தொடங்கிவிடும். மெயின்லேண்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள் ஊருக்குப் போகும் சாக்கில் கோவைக்கும் ஒரு நடை போய் ஏழு மலையும் ஏறி வரலாம் என்று திட்டம் போடுவார்கள். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை பாதையைத் திறந்துவிடுகிறது. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அலைமோதும். ஏற்கெனவே ஏறி வந்தவர்கள் புதிதாகப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லி அனுப்புவார்கள். அந்த யோசனைகளில் சில உயிரைக் காக்கும், சில உயிரை வாங்கும். இரண்டாவது வகையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச்சு.

"மேலே போகப் போக ஆக்சிஜனே கிடையாது. நாமெல்லாம் கடலோரத்து ஆளுங்க, தாங்காது." இதைச் சொல்லாத ஆளே இல்லை. 2024 மார்ச் கடைசி வாரத்தில் பக்தர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தபோது "மூச்சுத்திணறல்" என்று செய்தி வந்ததும் இந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. கணக்கைப் பார்ப்போம். ஏழாவது மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த உயரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். கொடைக்கானலும் வெள்ளியங்கிரியைவிட உயரம். தேனிலவுக்கு ஊட்டி போன எந்த அந்தமான் ஜோடியும் காற்று இல்லாமல் மயங்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மலைநோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகுதான். 3,900 மீட்டரை நெருங்கும் அமர்நாத்திலும், 5,600 மீட்டரைத் தாண்டும் கயிலாயப் பரிக்ரமாவின் டோல்மா கணவாயிலும் அது நிஜமான ஆபத்து. வெள்ளியங்கிரி அந்த வரிசையில் சேராது.

அப்படியானால் மூச்சு ஏன் திணறுகிறது? ஏறும் வேலைதான் காரணம். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு வழி தூரம் ஆறு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அந்த ஆறுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். லிஃப்ட் இல்லாத முந்நூறு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தீவுகளிலேயே உயரமான சேடில் பீக் 732 மீட்டர். அதைக் கடல் மட்டத்திலிருந்து ஏறினாலும் இதற்கு ஈடாகாது. அதிலும் முதல் மலையே வெள்ளைப் பிள்ளையார் கோயில் வரை உயரம் சீரில்லாத கல்படிகள். உற்சாகத்தில் இளவட்டங்கள் அதை ஓட்டமும் நடையுமாகத் தாண்டுவார்கள். கூட வந்த ஐம்பது வயதுக்காரர் பின்தங்கிவிடக் கூடாதே என்று வேகத்தைக் கூட்டுவார். இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயில் தனக்கே தெரியாத அடைப்பு இருந்தால், அது வெளிப்படும் இடம் இதுதான். அப்போது வரும் திணறலுக்கு மலைக்காற்றின்மேல் பழிபோடுவது, நோயைப் பார்க்காமல் இருக்க ஒரு வசதியான வழி.

இதன் தொடர்ச்சிதான் கற்பூரம். "மூச்சு வாங்கினா கற்பூரத்தை மோந்து பாருங்க, சரியாப் போயிடும்." கற்பூர ஆவி மூக்குக்குள் இருக்கும் குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால் காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றும். மூக்கின் வழியே போகும் காற்றின் அளவில் மாற்றமில்லை என்பது அளந்து பார்த்துச் சொல்லப்பட்ட விஷயம். நெஞ்சுவலிக்காரர் இந்தக் குளிர்ச்சியை நம்பி இன்னும் இருநூறு படி ஏறிவிடுகிறாரே, ஆபத்து அங்கேதான். சிலர் ஒரு துண்டை வாயில் போட்டும் மெல்லுகிறார்கள். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். குழந்தைகளுக்கு மிகக் கொஞ்சமே போதும்.

எனக்குக் கோபம் வருவது அடுத்த நம்பிக்கையில்தான்: "விரத நாள்ல மாத்திரை எதுக்கு? ஈசன் பார்த்துப்பார்." மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் முன்பைவிட அதிகமாக எகிறலாம், மாரடைப்புகூட வரலாம். நிறுத்திய இரண்டாம் நாளே முந்நூறு மாடி ஏறுவதை என்னவென்று சொல்வது? சர்க்கரை மாத்திரை விஷயம் இதற்கு நேர் எதிர். கிளிமிபிரைடு போன்றவற்றையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு ஏறினால் சர்க்கரை தாழ்ந்து, நடு ராத்திரியில் பாதையிலேயே நினைவு தப்பும். எதைத் தொடர்வது, எதைக் குறைப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குருசாமி சொல்லக் கூடாது. விரதம் இருந்தே தீருவேன் என்பவர்கள் தரிசனம் முடிந்து இறங்கிய பிறகு இருக்கலாமே.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு கட்சி. குடித்தால் வயிறு கனக்கும் என்று நாக்கை மட்டும் நனைப்பவர்கள் ஒரு பக்கம், ஒரே மூச்சில் ஒரு லிட்டரை ஊற்றிக்கொள்பவர்கள் மறுபக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலாகக் குடிப்பதுதான் உடம்புக்கு ஒத்துவரும். தீவுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இங்கே வியர்வை சட்டையில் ஊறிச் சொட்டும். கோவைப் பக்கத்து வறண்ட பங்குனிக் காற்றில் அது சுரந்த வேகத்திலேயே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. மலைப் பாதையில் இருக்கும் கைதட்டி சுனையிலும் ஆண்டி சுனையிலும் வருவது மூலிகைத் தண்ணீர், கிருமியே அண்டாது என்பார்கள். காட்டு விலங்குகள் நடமாடும் மலை அது, ஆயிரக்கணக்கான மனிதர்கள் கை கால் கழுவும் இடமும்கூட. கையில் கொண்டுபோன தண்ணீரைக் குடியுங்கள்.

இரவில் ஏறினால் ஆபத்தே இல்லை என்பதும் பாதி உண்மைதான். வெயில் மிச்சமாகும். ஆனால் போளுவாம்பட்டி வனச்சரகம் யானைக்காடு. கூட்டத்தைவிட்டுத் தனியாகப் போகக் கூடாது. மேல் மலைகளில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். வியர்த்து நனைந்த சட்டையோடு விடியலுக்காகக் காத்திருந்தால், நம்மூர் வெப்பத்துக்குப் பழகிய உடம்பு வெடவெடத்துப்போகும். மாற்றுச் சட்டை ஒன்றும் கம்பளி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

"ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் சும்மா." ஏறும்போது கஷ்டம் இதயத்துக்கு, இறங்கும்போது முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும். களைத்த கால் வழுக்குப்பாறையில் சறுக்கும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி உண்மையில் உதவுவது திரும்பி வரும்போதுதான்.

கடைசியாக, பாதியில் திரும்பினால் தோஷம் என்ற பேச்சு. பூண்டி அடிவாரத்தில் இருப்பதும் வெள்ளியங்கிரி ஆண்டவர் சந்நிதிதான். மலை ஏற முடியாதவர்கள் அங்கே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள், அவர்களுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. இலங்கையின் சிவனொளிபாதமலை இதைவிட உயரம், 2,243 மீட்டர், ஆயிரக்கணக்கான படிகள். அங்கே பாட்டிமார்கூட ஏறுகிறார்கள். வழிநெடுகத் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். ஏறும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நில்லுங்கள்.

போக முடிவு செய்தவர்கள் இரண்டு மாதம் முன்பே பழகத் தொடங்குங்கள். சாத்தமில் ஃபெர்ரி ஏறி பாம்பூ ஃப்ளாட் இறங்கினால் மவுண்ட் ஹேரியட் இருக்கிறது. 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். நானூறு மீட்டரை எட்டாத அந்த ஏற்றத்தை வாரம் ஒருமுறை நடந்து ஏறிப் பாருங்கள். கப்பலில் மூன்று நாள் ஆடிவிட்டு நேராக மலைக்கு ஓடாதீர்கள், ஊரில் இரண்டு நாள் தூங்குங்கள். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் அங்கேயே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பாதையில் வண்டி வராது. டோலியில் தூக்கி இறக்க மணிக்கணக்காகும். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குப் போய் ஓர் ஈசிஜி எடுத்து, மலையேறப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.