வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு

"இங்கிலீஷ் பாட்டு நிறையக் கேட்கிறேன், இங்கிலீஷ்தான் வரமாட்டேன் என்கிறது" என்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: கடைசியாகக் கேட்ட பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுத முடியுமா? பெரும்பாலும் முடியாது. மெட்டு மனப்பாடமாக இருக்கும், சொற்கள் வெறும் முணுமுணுப்பாக இருக்கும். நூறு பாட்டு வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரத்துக்கு சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. 1987-இல் வந்த 'சாலிட்டியூட் ஸ்டாண்டிங்' தொகுப்பில் தொடக்கத்தில் இருக்கும் வடிவம்தான் வேண்டும். 1990-இல் தாளம் சேர்த்து வந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1987 வடிவத்தில் வாத்தியமே கிடையாது, குரல் மட்டும்தான். எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், குரல் சிதையாமல் வருகிறதா என்று இந்தப் பாட்டை வைத்துத்தான் சோதித்தார். அவர் காதுக்கு உதவியது நம் காதுக்கும் உதவும். காலையில் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். பெரும்பாலும் '-இங்' வினைகள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று கண்ட இடத்தில் அதை ஒட்டும் நமக்கு, நடந்துகொண்டிருக்கும் செயலுக்குத்தான் அது என்பது இங்கே காதுவழி உறைக்கும்.

வரிகளைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். கேட்டதை எழுதி, பிடிபடாத இடத்தில் கோடு போடுங்கள். பிறகு சரியான வரிகளோடு ஒப்பிடுங்கள். நீங்கள் தவறவிட்டவை பெரிய சொற்களாக இருக்காது. 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற பொடிச் சொற்களாகவே இருக்கும். நாம் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராக ஒலித்துப் பழகியவர்கள். ஆங்கிலக்காரர்கள் சிலதை அழுத்தி, மற்றதை விழுங்கிவிடுவார்கள். தப்பாகக் காதில் விழுந்தால் வெட்கப்பட வேண்டாம். ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில் இல்லாத 'லேடி மாண்டகிரீன்' என்ற சீமாட்டியைச் சிறுவயதில் கேட்டதாக சில்வியா ரைட் 1954-இல் எழுதினார்; இப்படித் தப்பாகக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் இன்று 'மாண்டகிரீன்' என்றே பெயர்.

அடுத்தது பியான்சேயின் 'இஃப் ஐ வேர் எ பாய்' (2008). தலைப்பிலேயே பாடம் இருக்கிறது. 'மழை பெய்தால் வரமாட்டேன்', 'நான் பறவையாக இருந்தால் பறப்பேன்' இரண்டுக்கும் தமிழில் ஒரே '-ஆல்'. முன்னது நடக்கலாம், பின்னது நடக்கவே நடக்காது. அந்த வேறுபாட்டை நாம் சூழலில் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அதை வினையிலேயே காட்டுகிறது, அதுவும் இறந்தகால வடிவத்தைக் கடன் வாங்கி. 'வேர்' இங்கே நேற்றைச் சொல்லவில்லை, நடவாததைச் சொல்கிறது. அதனால்தான் பின்பாதியில் 'வில்' வராது, 'வுட்' அல்லது 'குட்' வரும். இதே அச்சில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள்: 'இஃப் ஐ வேர் தி கலெக்டர், ஐ வுட்...' என்று தொடங்கலாம். இந்த ஐந்து வாக்கியத்தை எழுதாதவர் பாட்டு கேட்டவர், அவ்வளவே.

எல்லாப் பாட்டும் இலக்கணத்துக்கு வாத்தியார் ஆகிவிடாது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' (1965) முழுத் தலைப்பிலேயே ('ஐ கான்ட் கெட் நோ...') இரண்டு எதிர்மறை. பாப் டிலனின் 'லே லேடி லே' (1969) இலக்கணப்படி 'லை' என்று இருந்திருக்க வேண்டும். தப்பு என்று தள்ள வேண்டாம், பேச்சுவழக்கு அப்படித்தான். ஆனால் இவற்றைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள், நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப்போகாதீர்கள். ராப் இப்போதைக்கு வேண்டாம்.

வார நடுவில் மெட்டை விட்டுவிட்டு வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். மெட்டு சில நேரம் அழுத்தத்தை இடம் மாற்றிவிடும். ஏழாம் நாள் தாளை மூடிவைத்து மறுபடி கேளுங்கள். முதல் நாள் போட்ட கோடுகளில் பாதிக்குமேல் இன்னும் பிடிபடவில்லை என்றால் புதுப் பாட்டுக்குத் தாவாதீர்கள், அடுத்த வாரமும் அதே பாட்டுதான்.